யாரையுமா, சார்?

ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் படித்துச் சொல்லிவிட்டேனோ என்கிற உறுத்தல் ஒன்றரை வருஷமாக என்னிடம் இருக்கிறது. பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. அஞ்செட்டியில், என் வீட்டுத் திண்ணையில், விளக்கு வைக்கிற நேரம். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பெண் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் ஆங்கிலம் படித்தவள். கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருக்க வேண்டும். சீருடையைக்கூட மாற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. குறுக்கே விரிசல் விட்ட போனில் அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அவளுடைய அம்மா படியேறாமல் கீழேயே நின்றார். கையில் மாவுத் தூக்கு. மில்லில் அப்போதுதான் அரைத்த கேழ்வரகின் சூட்டு வாசனை திண்ணை வரைக்கும் வந்தது. "சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஆங்கிலத்தில் ஒரே வரி. ஆல் த ட்ரெய்னீஸ் ஹேவ் நாட் பீன் கன்ஃபர்ம்ட். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன். "ட்ரெய்னிங்குக்கு எடுத்தவங்க யாரையும் பர்மனென்ட் பண்ணலையாம்மா" என்றேன். அவள் நீட்டிய போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "யாரையுமா, சார்?" என்று கேட்டாள். நான் மறுபடி திரையைப் பார்க்கவில்லை. "யாரையும்தான்" என்றேன். கீழேயிருந்து அம்மா "ஹோகலி பிடு" என்றார். போனால் போகட்டும், விடு. இருவரும் இருட்டில் இறங்கிப் போனார்கள். மறுநாளிலிருந்து அவள் வேனுக்கு நிற்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அது தெரிந்த விதமும் சாதாரணமானதுதான். தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு பெண்ணின் கழுத்திலும் அதே நிறப் பட்டையில் அட்டை. பேச்சுவாக்கில் கேட்டேன். "எங்க பேட்ச்ல கொஞ்சம் பேர எடுத்தாங்க சார், கொஞ்சம் பேர நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் காட்டு வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சியாளர்கள் எல்லாரும் நிரந்தரம் செய்யப்படவில்லை. அதாவது, சிலர் செய்யப்பட்டார்கள். பட்டியல் ஒன்று உள்ளே எங்கேயாவது ஒட்டியிருந்திருக்கும். அதில் என் பழைய மாணவியின் பெயர் இருந்ததா? கேட்டுச் சொல்லும்படி இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்தது என்று தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம். இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்குமே என்று எதிர்பார்ப்பதிலும் ஓர் அசிங்கம் இருக்கிறது. அதனால் இன்றுவரைக்கும் அதைத் தெரிந்துகொள்ளாமலே வைத்திருக்கிறேன்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு 'வாய்ஸ்' நடத்தியவன் நான். செய்வினை, செயப்பாட்டுவினை. கரும்பலகையை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்து எழுவாயை வலப்பக்கத்துக் கடைசிக்குத் தள்ளி, செயப்படுபொருளை முன்னால் இழுத்து, நடுவே ஒரு 'பை' போட்டு. சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்குகிற மாதிரியான வேலை. அடுக்கினால் மதிப்பெண். வகுப்பில் நூறு தடவை வந்திருக்கும் ஒரு வாக்கியம்: ஆசிரியர் எல்லாப் பையன்களையும் தண்டிக்கவில்லை. த டீச்சர் டிட் நாட் பனிஷ் ஆல் த பாய்ஸ். இதைச் சாதாரணமாகப் படிக்கிற யாருக்கும் சிலர் தப்பித்தார்கள், சிலர் அடிவாங்கினார்கள் என்றுதான் படும். 'நாட்' முன்னால் நிற்கிறது, 'ஆல்' அதன் பிடிக்குள் வருகிறது. இதைப் பையன்கள் என் விதிப்படி திருப்பிப் போடுவார்கள்: ஆல் த பாய்ஸ் வேர் நாட் பனிஷ்ட் பை த டீச்சர். இப்போது 'ஆல்' முன்னால் வந்துவிட்டது, 'நாட்' அதன் பின்னால் போய்விட்டது. ஒருவன்கூடத் தண்டிக்கப்படவில்லை என்றும் இதைப் படிக்கலாம். பொருள் மாறாமல் திருப்ப வேண்டுமென்றால் 'நாட் ஆல் த பாய்ஸ்' என்று தொடங்கியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்லித் தந்ததில்லை. உருப்படிகள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றனவா, 'பனிஷ்'ஷுக்கு 'டு' விகுதி வந்திருக்கிறதா என்று பார்த்துச் சரி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருக்கிறேன். எத்தனை பையன்கள் தப்பித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் அங்கே அவசியம் இருக்கவில்லை.

இதைப் பெரிய ஆட்கள் யோசித்திருக்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. ரே ஜாக்கெண்டாஃப் 1972இல் எழுதிய புத்தகத்தில் அம்பும் குறியும் வைத்து ஓர் உதாரணம் வரும். நிறைய அம்புகள் குறியில் படவில்லை என்பது ஒன்று. குறி நிறைய அம்புகளால் தைக்கப்படவில்லை என்பது இன்னொன்று. முதலாவதில், தவறிய அம்புகள் நிறைய. பட்டவையும் நிறைய இருந்திருக்கலாம், அதற்குத் தடையில்லை. இரண்டாவதில் பட்டவை குறைவு என்று படுகிறது. வாக்கியத்தைத் திருப்பியதில் எண்ணிக்கை நழுவிவிட்டது. அதற்கும் முன்னால், 1957இல் சோம்ஸ்கி தம் சின்னப் புத்தகத்தில் இதன் உறவுக்கார உதாரணம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அதில் எதிர்மறை கிடையாது. ஓர் அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மொழி தெரியும். திருப்பினால்: குறைந்தது இரண்டு மொழிகள் அந்த அறையில் இருக்கிற எல்லாராலும் அறியப்பட்டிருக்கின்றன. முன்னதில் ஆளுக்கு ஒரு ஜோடி இருக்கலாம். பின்னதைக் கேட்டால் எல்லாருக்கும் அதே ஜோடி என்று தோன்றுகிறது. அவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு வகுப்பறையை மனதில் வைத்திருப்பார். எனக்கு அஞ்செட்டி பஸ்தான் ஞாபகம் வந்தது. அதில் ஒரே மொழி தெரிந்த பெரியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. முன் இருக்கையில் வெற்றிலை மெல்லுகிற கிழவிக்குத் தெலுங்கும் கன்னடமும். கண்டக்டருக்குத் தமிழும் கன்னடமும், சில்லறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தெலுங்கும். பின்னால் வாழைத்தாரோடு நிற்கிறவருக்கு உருதும் தமிழும். ஒவ்வொருவருக்கும் இரண்டுக்குக் குறையாது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு வேண்டுமென்றால் அந்தப் பஸ்ஸில் கிடைக்காது; சில நாள் ஒன்றுகூடக் கிடைக்காது. கிழவி இறங்குமிடத்தைக் கண்டக்டரிடம் கன்னடத்தில் சொல்லி, அவர் அதை டிரைவருக்குத் தமிழில் கத்துவார்.

இத்தனை மொழி புழங்குகிற ஊரில் எதிர்மறை மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே இடத்தில் வந்து உட்காருகிறது. வாக்கியத்தின் கடைசியில். எல்லாரும் வரவில்லை. கன்னடத்தில் எல்லரூ பரலில்ல. தெலுங்கில் அந்தரூ ராலேது. ஆங்கிலக்காரன் 'நாட்'டைத் தூக்கி 'ஆல்'லுக்கு முன்னால் வைத்துவிடலாம், சந்தேகம் தீர்ந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது. ஆட்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, என்ன வேலை என்றும் சொல்லிவிட்டு, கடைசி நொடியில் 'இல்லை' என்கிறோம். அந்த 'இல்லை' வரிசையில் எத்தனை பேர்மேல் விழுந்தது? எல்லார்மேலுமா, சிலர்மேலா? இதைத் தீர்க்கிற பாரம் முழுக்க ஒரு சின்ன 'உம்'மின் தலையில் இருக்கிறது. தொல்காப்பியர் இடையியலில் உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். முற்று அதில் ஒன்று, எச்சம் இன்னொன்று, ஐயமும் எதிர்மறையும்கூட அந்த எட்டுக்குள்தான். இதில் என்னை உட்கார வைத்தது, முற்றும்மை சில இடத்தில் எச்சமாகவும் ஆகும் என்று அவர் ஒரு விதி சேர்த்திருப்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியும் நன்னூலில் அதையே சொல்கிறார். உரைக்காரர்கள் இதற்குக் காட்டுவது எதிர்மறை வாக்கியங்களை: பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்று அர்த்தமாகும், எல்லாரும் வரவில்லை என்றால் சிலர் வந்தார்கள் என்று மிச்சம் நிற்கும். அந்தப் பெண்ணின் போனில் இருந்த வரியை அவர்களிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். நான் தமிழ் இலக்கணத்தைப் பள்ளியோடு விட்டவன். எச்சம் என்றால் பெயரெச்சம், வினையெச்சம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்ததுதான் ஞாபகம். மிச்சம் நிற்கிற ஆட்களையும் அந்தச் சொல் குறிக்கும் என்று யாரும் சொன்னதில்லை, அல்லது சொன்னபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் விதியில் 'சில இடத்தில்' என்றுதான் இருக்கிறது. எந்த இடத்தில் என்பதற்குப் பேசுகிறவனுடைய தொண்டைதான் சாட்சி. எல்லாரும் வரல, என்று 'லா'வை இழுத்து உயர்த்திக் கடைசியைத் தொங்கவிட்டால் சிலர் வந்திருக்கிறார்கள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வருகிறார் என்று காத்திருப்போம். ஒரே மட்டத்தில் தட்டிச் சொன்னால் பந்தல் காலி. 'எல்லாரும் வந்துவிடவில்லை' என்று ஒரு 'விடு'வைச் செருகினாலே சிலர் வந்தது உறுதியாகிவிடுகிறது. அந்தத் துணைவினை எப்படி இந்த வேலையைச் செய்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருத்தரும் விடாமல் மறுக்க வேண்டுமென்றால் 'யாரும்' இருக்கிறது, 'ஒருத்தரும்' இருக்கிறது. அதிலும் அதே உம்தான், ஆனால் கேள்விச் சொல்லோடோ 'ஒருத்தர்' என்பதோடோ சேர்ந்தவுடன் கதவை இழுத்துப் பூட்டிவிடுகிறது. இப்போது என் திண்ணைக்கு வருகிறேன். பலகையில் இருந்தது 'எல்லாரும்'. நான் வாய்விட்டுச் சொன்னது 'யாரையும்'. மொழிபெயர்ப்பில் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள் மாதிரித் தெரிகின்றன. ஒன்று திறந்திருந்தது, நான் பூட்டிய வீட்டைக் காட்டினேன். அவள் கேட்டது "யாரையுமா, சார்?" ஆங்கில வரி முழுசாகப் புரியாவிட்டாலும், அறிவிப்பை எல்லாரும் கூடி நின்று படித்தபோது அங்கே காதில் விழுந்த ஏதோ ஒன்றோடு என் பதில் ஒட்டவில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். இலக்கணக்காரர்கள் பேசுகிற அதே உம்மில் விரலை வைத்துத்தான் அவள் கேட்டாள். நான் 'தான்' போட்டு அமுக்கினேன்.

செயப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரியின் இன்னொரு பாதி அதுதான். கன்ஃபர்ம் செய்யாதது யார்? மேலாளரா, ஓசூரில் உட்கார்ந்திருக்கிற அதிகாரியா, பெங்களூரில் இருக்கிற கணினியா? வரியில் ஆள் இல்லை. நம் மூன்று மொழியும் இதற்கு ஒரே 'படு'வை வைத்திருக்கின்றன. செய்யப்பட்டது, மாடல்பட்டிது, சேயபடிந்தி. மூன்றுமே காகிதத்துக் குடியிருப்புகள். சந்தையில் கத்தரிக்காய் விற்கப்பட்டது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. தமிழில் படு என்பது வெறும் உதவி வினையும் கிடையாது. அடிபட்டான், வெட்டுப்பட்டது, கஷ்டப்பட்டாள். பட்டவருக்கு வலிக்கும். அரசாங்கத் தமிழ் அந்த வலியைக் கழுவிவிட்டு வெறும் தாழ்ப்பாளாக அதை வைத்துக்கொண்டது. 'மனுக்கள் அனைத்தும் ஏற்கப்படவில்லை' என்று தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டினால் ஏற்காதவர் யார் என்றும் தெரியாது, எத்தனை மனு என்றும் தெரியாது. வாசலில் நிற்கிறவர் தன்னைத் தானே ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு ஜனங்கள் தங்கள் பேச்சில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னதாக நான் கேட்டது: "அவ பேரு வரல." பெயர் ஏதோ வெளியூர் போன பிள்ளை மாதிரி, எல்லாப் பெயரும் பஸ்ஸேறி வந்தது, இவள் பெயர் வரவில்லை. திண்ணை தானே தன்னை மெழுகிக்கொண்டது போலப் பேசுவதும் உலக வழக்குத்தான் என்று தொல்காப்பிய மரபு ஒத்துக்கொள்கிறது. செய்யப்படுகிற பொருளே செய்தது போலச் சொல்வது. யாரையும் குற்றம் சொல்லாத பேச்சு. அந்தக் குற்றம் சொல்லாத பேச்சில் நானும் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்குச் சங்கடம். படித்துச் சொன்னவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

ஏன் அப்படிப் படித்தேன்? இரண்டு அர்த்தமும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது ஏன் என் கை அந்தப் பக்கம் போனது? ஆங்கிலம் தெரியாததால் என்று சொல்லிக்கொண்டால் எளிதாக இருக்கும். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதை, மின்னுகிற ஒன்றுமே பொன் கிடையாது என்று நான் என்றைக்கும் படித்ததில்லை, யாரும் படிப்பதில்லை. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்றால் பால் வெளுப்பில்லை என்று எவனாவது சண்டைக்கு வருவானா? பொன்னும் பாலும் உலகத்தில் இருக்கின்றன என்று நமக்கு முன்னமே தெரியும், அதனால் மிச்சத்தைச் சரியாக விட்டுவைக்கிறோம். டென்மார்க்குக்காரர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் எதிர்மறையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஆங்கிலத்திலும் மற்ற மொழிகளிலும் எதிர்மறைச் சொல், அது சேர வேண்டிய 'எல்லாம்' பக்கம் நிற்காமல் வினையின் பக்கம் ஓடிவிடுகிற பழக்கத்தை அதில் கவனித்திருக்கிறார். ஆக அந்த அறிவிப்பை எழுதியவரையும் நான் திட்ட முடியாது. அவர் தமிழோ கன்னடமோ இந்தியோ வீட்டில் பேசுகிறவராக இருக்கலாம். சப் நஹீ ஆயே என்று மனதில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். அவருடைய தலையில் பட்டியல் இருந்தது. சிலரை எடுத்தாயிற்று என்பது அவருக்குத் தெரிந்த செய்தி. தெரிந்ததைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்குப் படவில்லை. என் தலையில் அந்தப் பட்டியல் இல்லை. அங்கே வேறு பட்டியல் இருந்தது: இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிய தேர்வுகள், வராத உதவித்தொகை, பாதியில் நின்ற ரோடு. 'எல்லாருக்கும் பணம் வரல' என்று ஒருவர் சொன்னால் பணம் பார்த்தவர் சிலருக்கு வந்திருக்கிறது என்று கேட்பார், பார்க்காதவர் ஒருத்தருக்கும் வரவில்லை என்று கேட்பார். நான் அவளுக்காக வருத்தப்படத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அந்தத் தயார்நிலைதான் வரியைப் படித்தது. இதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இவளை எடுத்திருக்க மாட்டார்கள் என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்ட ஒரு வாத்தியாரின் எண்ணம் என்றும் சொல்லலாம், இந்த இரண்டாவதை ராத்திரியில்தான் சொல்லிக்கொள்ள முடிகிறது.

சட்டம் எழுதுகிறவர்கள் இந்தப் பள்ளத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு 'நோ பர்சன்' என்று ஆரம்பிக்கிறது. உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் எவரிடமிருந்தும் பறிக்கப்படலாகாது. செயப்பாட்டு வாக்கியந்தான். ஆனால் 'எவ்ரி பர்சன்' என்று தொடங்கி நடுவில் 'நாட்' போட்டிருந்தால் எத்தனை வக்கீல்கள் அதற்குள் புகுந்து புறப்பட்டிருப்பார்கள். வன உரிமைச் சட்டம், 2006ஆம் வருஷத்தது, காட்டில் குடியிருப்பவர்களுக்கு முக்கியமான நான்காம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவிலும் 'நோ'வை முன்னால் வைத்துத்தான் காவல் போடுகிறது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் வந்துவிட்ட எங்கள் பக்கத்தில் இந்த 'நோ'வுக்கு எடை அதிகம். இருந்தாலும் இரண்டு வாக்கியத்துக்கும் பின்பக்கத்தில் ஒரு திட்டிவாசல் உண்டு. அங்கே, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி. இங்கே, சரிபார்ப்பு முடிகிற வரைக்கும். முன்வாசலை இழுத்துச் சாத்திய சட்டம் அந்த வழியாக ஆட்களை எடுத்துக்கொள்ள முடியும். சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கு 1950இல் அந்த 'நடைமுறை' என்ற சொல்லில் போய் முட்டி நின்றது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் அதே சொல்லை, நியாயமான நடைமுறையாகவும் இருக்க வேண்டும் என்று அகலப்படுத்தியது. சொற்கள் மாறவில்லை, படிப்பு மாறியது.

எங்களுக்குத் தெற்கே, நாட்றாம்பாளையம் தாண்டிக் காட்டுக்குள் போனால் பிலிகுண்டுலு. காவிரி தமிழ்நாட்டுக்குள் வருகிற இடம், மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் அங்கே இருக்கிறது. எங்கள் தொட்டல்லாவும் கடைசியில் காவிரிக்குத்தான் போகிறது. (தொட்ட ஹள்ள என்றால் கன்னடத்தில் பெரிய ஓடை, நாங்கள் அதைத் தொட்டல்லா ஆறு என்று சொல்லி, பெரிய ஓடை ஆறு ஆக்கிவிட்டோம்.) 2007 பிப்ரவரி 5இல் காவிரி நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து 14.75ஐக் கழித்து 177.25 என்றது. 'தண்ணீர் முழுவதும் திறந்துவிடப்படவில்லை' என்று வருஷா வருஷம் பேப்பரில் வருகிற வாக்கியமும் அந்தப் போன் வரியின் உடன்பிறப்புத்தான். செய்தவன் இல்லாத செயப்பாடு, 'முழுவதும்' என்ற முற்று, கடைசியில் ஒரு இல்லை. ஒன்றும் வரவில்லையா, கொஞ்சம் வந்ததா? இங்கே மட்டும் சண்டை அர்த்தத்தில் நிற்பதில்லை. தண்ணீருக்குள் அளவுகோல் நிற்கிறது. மிச்சம் எவ்வளவு என்று ஓர் எண் வந்துவிடும், பிறகு அந்த எண்ணை வைத்து அடித்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த பெண்களுக்கு அப்படி ஒரு கம்பத்தை யாரும் நட்டுவைக்கவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் ராத்திரி. கேழ்வரகு அறுப்புக் காலம்; கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைக் கூட்டம் வருகிற காலமும் அதுதான். ஊருக்கு வெளியே பட்டாசுச் சத்தம் கேட்டு நாலைந்து பேரோடு நானும் போனேன், போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெடிமருந்துப் புகையும் மிதிபட்ட பச்சைத் தாளின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. வரப்பின் மேல் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய காடு அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. மகள் இப்போது கெலமங்கலம் பக்கம் எங்கேயோ பூந்தோட்டத்து வேலைக்குப் போகிறாளாம், அவராகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, இருட்டைப் பார்த்தார். காட்டிலாகா ஆட்களின் டார்ச் வெளிச்சம் தூரத்தில் மரங்களுக்குள் அசைந்து அசைந்து போய் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள், முடிந்தது, போகலாம் என்று கிளம்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "எல்லா ஹோகில்ல, மேஷ்ட்ரே" என்றார். எல்லாம் போகவில்லை. அதே வாக்கியம், அதே கடைசி இல்லை. அதில் கொஞ்சம் போய்விட்டது, கொஞ்சம் இருக்கிறது என்பது எனக்கும் மற்ற நாலு பேருக்கும் விளக்கம் கேட்காமலே புரிந்தது. கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். ஆனால் நான் கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. "எத்தனை பாக்கிம்மா?" கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே எடுத்து, புளியமரத்துப் பக்கம் நீட்டினார்.

"ஒந்து."